நடு சிலிண்டரின் சாட்சி

6

ஷர்மினி வீசிய செருப்பு கிரகோரியின் தோளில் பட்டு, பக்கத்திலிருந்த எண்ணெய்த் தட்டில் போய் விழுந்தது.

கிரகோரி விலகவும் இல்லை, தோளைத் துடைக்கவும் இல்லை. கோத்தா திங்கி ஆற்றங்கரையில் இருந்த அந்தப் படகுக் கொட்டகையில் எல்லாரும் அவர்கள் பக்கம் திரும்பினார்கள்.

"எம்புருசனக் கொன்ன கையி அது," என்றாள் ஷர்மினி. "அதே கையோட மோட்டர் பக்கத்துல வந்து நிக்கிறியே, கூசல?"

மார்கஸ் செருப்பை எடுத்து, தன் கால்சட்டையில் துடைத்து, அவள் காலடியில் கொண்டுபோய் வைத்தான்.

"போட்டுக்குங்க அக்கா. ஆள் யாருன்னு இன்னும் முடிவாகல. அவசரப்பட்டுட்டீங்க."

துப்பறியும் சாந்தினி தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று அவளுக்குள் காலையிலிருந்தே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

ஷர்மினியின் கணவன் ரூபேந்திரன் இந்தக் கொட்டகையின் சுற்றுலாப் படகை ஓட்டியவன். வெள்ளம் முழுசாக வடியாத ஆற்றில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனபோது, நடு ஆற்றில் மோட்டர் நின்றது. படகு அடித்துக்கொண்டு போய்ப் பாலத்தூணில் மோதியது. ரூபேந்திரன் பயணிகளை ஒவ்வொருவராகத் தூணின் மேடையில் ஏற்றிவிட்டான். அவன் ஏறுவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது.

அந்த மோட்டரை அதற்குச் சற்று முன்புதான் முழுசாகப் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருந்தார் கிரகோரி. வேலை முடித்த மெக்கானிக் முதல் டாங்கி பெட்ரோலைத் தானே கலந்து ஊற்றித் தருவது வழக்கம். அதில் எண்ணெய் கலக்க மறந்துவிட்டார், அதனால்தான் மோட்டர் இறுகிவிட்டது என்று படகுச் சொந்தக்காரர் ராஜசேகரன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை கிரகோரியைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். கிரகோரியின் மனைவி அந்தோணியம்மாள் பாசிர் கூடாங்கில் இருந்த சாந்தினியின் அலுவலகப் படியில் உட்கார்ந்து எழ மறுத்ததால்தான் சாந்தினி இங்கே வந்திருந்தாள்.

"மத்தியானம் வரைக்கும்தான் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர் மகேஸ்வரன். "அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது."

"எதுக்கு சார் இந்த வேலை?" ராஜசேகரன் அலுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை நகம். ரூபேந்திரனின் பாடைக்கு முன்வரிசையில் தோள் கொடுத்தவர். "சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. சுத்துதா? மோட்டர் செத்துப்போச்சு. செத்ததுக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"ஏன் செத்ததுன்னு தெரிஞ்சுக்கத்தான்," என்றாள் சாந்தினி. "மார்கஸ், ஆரம்பி."

ஆற்றிலிருந்து மீட்ட மோட்டர் இரும்புத் தாங்கியில் நின்ற வாக்கில் மாட்டப்பட்டிருந்தது. மூன்று சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்றாக. உச்சியில் பிளைவீல் என்ற கனமான சக்கரம். மார்கஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். முகம் சிவந்தது. சக்கரம் மனசில்லாமல் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

"எங்க மாமியார் மாதிரி இருக்கு. நகரும், ஆனா சம்மதிக்காது."

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"அதான் இன்னும் ஆகல."

"பிளக்கைக் கழட்டு. உள்ளே காத்தோ தண்ணியோ அடைச்சு நின்னா அந்த வழியா வெளியேறிடும்."

மூன்று பிளக்கையும் கழற்றினான். தண்ணீர் வரவில்லை. சக்கரம் அப்படியே இறுகித்தான் இருந்தது. அடுத்து, கீழே விசிறியோடு தொங்கும் கியர் காலைக் கழற்றி வைத்தான். பழுது அங்கே என்றால் இப்போது மேலே லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை.

"இறுக்கம் எஞ்சினுக்குள்ளதான்," என்றாள் சாந்தினி. "சிலிண்டர் மூடியைத் திற. எண்ணெய் இல்லாம ஓடியிருந்தா பிஸ்டன் சுவரைக் கீறிக் கிழிச்சிருக்கும்."

மார்கஸ் திறந்தான். டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்று சிலிண்டரின் சுவரும் எவர்சில்வர் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தன. விரலை விட்டுத் தடவினாள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

இன்ஸ்பெக்டரிடம் விரலை நீட்டினாள். "மோந்து பாருங்க சார். பெட்ரோல்ல எண்ணெய் கலந்திருக்கு. அதுவும் தாராளமா."

இன்ஸ்பெக்டர் முகர்ந்தார். ராஜசேகரன் பக்கம் திரும்பினார். "எண்ணெய் ஊத்தலன்னு எழுதிக் கொடுத்தீங்களே."

"சார், நான் என்ன மெக்கானிக்கா? ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. இறுகியிருக்கு, அதனால எண்ணெய் இல்லன்னு நெனச்சேன். எண்ணெய் இருந்தா வேற ஏதாச்சும் கோளாறு பண்ணியிருப்பான். வேலை செஞ்சது அவன்தானே?"

அவன், அவன். தன்னைவிட வயதில் மூத்த கிரகோரியை அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, சாந்தினியின் காதுமடல் சூடேறியது. எண்ணெய் ஊற்றவில்லை என்பது ஒருவர் வாழ்க்கையைக் கோர்ட்டு வாசல்வரை கொண்டுபோன வார்த்தை. பொய்யென்று ஆனதும் தூசி மாதிரித் தட்டிவிட்டுவிட்டார்.

எஞ்சினின் பின்பாகத்தைப் பிரித்தான் மார்கஸ். உள்ளே கிராங்க் தெரிந்தது. மூன்று பிஸ்டனையும் பிடித்திருக்கும் முதுகெலும்பு.

அதுவரை கல்லாக நின்ற கிரகோரி ஒரு அடி முன்னே வந்தார்.

"இது நான் போட்ட கிராங்க் இல்ல."

"என்ன அண்ணே?" என்றாள் சாந்தினி.

"நான் புதுசு போட்டேன். இது பழசு. நான் கழட்டி இந்தக் கொட்டகையிலயே வச்சிட்டுப் போனது."

ராஜசேகரன் இரண்டு கையையும் தட்டிக்கொண்டே சிரித்தார். "போதுமா சார்? அவன் வாயாலேயே வந்துடுச்சு. புதுசு போடறேன்னு சொல்லிப் பழசையே போட்டு ஏமாத்தியிருக்கான். அதுல போனதுதான் இந்தப் பொண்ணோட தாலி. வா தங்கச்சி, இங்க நின்னு உன் வயிறு எரிய வேண்டாம்."

ஷர்மினியின் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு அவர் வெளியேறினார். போகும்போது அவள் திரும்பிக் கிரகோரியைப் பார்த்த பார்வையில் செருப்பைவிட அதிகம் இருந்தது.

கிரகோரி பலகையில் ஓங்கிக் குத்தினார். ஸ்பேனர்கள் துள்ளின. "இருவது வருசமா இந்த ஆத்துல என் கை படாத மோட்டர் கிடையாது. எவனும் என்னை இப்படிச் சொன்னதில்ல."

"கோபத்தைக் கொஞ்சம் பத்திரமா வச்சிருங்க அண்ணே," என்றாள் சாந்தினி. அவள் குரல் இறங்கியிருந்தது. மார்கஸ் உடனே நிமிர்ந்தான். சாந்தினி அக்காவின் குரல் ஏறினால் பயமில்லை. இறங்கினால்தான் யாரோ தொலைந்தார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"ராடு மூடிகளை ஒவ்வொண்ணாத் தளர்த்து. தளர்த்தினதும் சக்கரத்தைச் சுத்து."

ஒவ்வொரு பிஸ்டனிலிருந்தும் ஒரு ராடு வந்து கிராங்கைக் கவ்வுகிறது. கவ்விய பிடியைப் பூட்டுவது ஒரு சிறிய மூடி. மார்கஸ் நடு மூடியைத் தளர்த்தினான். சக்கரம் அசையவில்லை. அதை இறுக்கிவிட்டு மேல் மூடியைத் தளர்த்தினான். பாதி விட்டுக்கொடுத்தது. கீழ் மூடியையும் தளர்த்தினான்.

சக்கரம் ஒரு விரலால் தள்ளியதற்கே சரசரவென்று சுற்றியது.

"அலமாக்," என்று வாய்பிளந்தான் மார்கஸ்.

மூன்று மூடிகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார்கள். மேல் மூடியும் கீழ் மூடியும் சூட்டில் வெந்து நீலம் பாய்ந்து கிடந்தன. நடு மூடி மட்டும் புதுச் சில்லறை போலப் பளபளத்தது.

"எண்ணெய்ப் பஞ்சம்னா மூணும் வெந்திருக்கும்," என்றாள் சாந்தினி. "இங்க மேலே ஒண்ணும் கீழே ஒண்ணும் வெந்து, நடுவுல இருக்கிறது மட்டும் தப்பிச்சிருக்கு. அது எப்படி?"

"நடு வீட்டுக்காரன் நல்லவனா இருப்பான்."

"இல்ல. நடு வீட்டுக்காரன் மட்டும்தான் சொந்த வீட்டுல இருக்கான். அண்ணே, மூடியில இந்தப் புள்ளி என்ன?"

ஒவ்வொரு மூடியின் முதுகிலும் உளியால் தட்டிய புள்ளிகள் இருந்தன. கிரகோரி குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நான் வச்ச அடையாளம். ஒண்ணாம் நம்பர் மூடிக்கு ஒரு புள்ளி, ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு. பிஸ்டனை வெளிய எடுக்கல, ராடு அதது இடத்துலயே இருந்துச்சு. அதனால மூடிக்கு மட்டும்தான் வச்சேன். ஆனா இது தலைகீழா இருக்கே. மூணு புள்ளி மேலே வந்திருக்கு. ஒரு புள்ளி கீழே போயிருக்கு."

"மாறினா என்ன?"

"ராடையும் மூடியையும் ஒண்ணாச் செஞ்சு, அப்புறம் பிஸ்கட்டை ஒடைக்கிற மாதிரி ரெண்டா ஒடைப்பாங்க. ஒரு பாதிக்கு அதோட மறுபாதிதான் பொருந்தும். மாத்திப் பூட்டினா பேரிங்கைக் கடிச்சுக்கும். இறுக்கமாச் சுத்தும். சூடேறும். அப்புறம் நின்னுடும்."

"நடு ஆத்துல," என்றான் மார்கஸ். அவன் முகத்தில் இப்போது கேலி இல்லை.

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். "சரி. ஆனா மாத்திப் போட்டது இவரேன்னு சொன்னா?"

சாந்தினி கழற்றி வைத்திருந்த பிளக் வயர்களைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள் இருந்தன. மேல் வயரில் ஒன்று, நடு வயரில் இரண்டு, கீழ் வயரில் மூன்று.

"இதுவும் அண்ணன் வச்சதுதான். வெளியே எண்ணினவர் மேலேருந்து எண்ணியிருக்காரு. உள்ளே பூட்டினவன் கீழேருந்து எண்ணியிருக்கான். ஒரே எஞ்சினுக்கு ரெண்டு கணக்கு சார். அப்ப ரெண்டு ஆள்." அவள் கிரகோரியிடம் திரும்பினாள். "கீழேருந்து எண்ணுற பழக்கம் யாருக்கு அண்ணே இருக்கும்?"

கிரகோரி யோசிக்கவே இல்லை. "லாரிக்காரனுக்கு. டிராக்டர்காரனுக்கு. லாரி எஞ்சின்ல பிளைவீல் பின்னாடி இருக்கும், ஒண்ணாம் நம்பர் அதுக்கு எதிர்க்கோடியில முன்னாடி இருக்கும். போட் மோட்டர்ல பிளைவீலை ஒட்டினாப்பல இருக்கிறதுதான் ஒண்ணு. லாரி பழகின கை, பிளைவீலுக்கு எட்டத்துல இருந்துதான் எண்ணும்."

மார்கஸ் விரலைச் சொடுக்கினான். "குணாளன். படகுத்துறை ஜெட்டியில ரெண்டாவது போட்டைப் பாத்துக்கிறவன். முன்னாடி செம்பனைத் தோட்டத்துல டிராக்டர் ரிப்பேர் பண்ணினவன்னு காலையில அவனே சொன்னான்."

சாந்தினி வாயில் விரலை வைத்தாள். "புள்ளி விஷயம் இந்த நாலு பேரைத் தாண்டக் கூடாது. சார், அஞ்சு நிமிஷம் ஜெட்டிக்கு வாங்க. நான் கேட்கிறதுக்கு யாரும் காரணம் கேக்காதீங்க."

ஜெட்டிப் பலகையில் வெள்ளம் விட்டுப்போன சேறு காய்ந்து ஓடு ஓடாக உரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது படகில் குணாளன் குந்தியிருந்தான். ராஜசேகரன் பந்தல் நிழலில் ஷர்மினிக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் தேநீரை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கவில்லை.

"இன்னும் முடியலையா மேடம்?"

"முடிஞ்சுது. ஒரே ஒரு சந்தேகம். இந்தப் போட்டு மோட்டரோட பிளக் நிறத்தைப் பார்த்து ஒத்துப் பாக்கணும்."

"இது நல்லா ஓடுற மோட்டர். இதை எதுக்குத் தொடணும்?" அவர் குரலில் சட்டென்று ஒரு அவசரம் வந்தது.

"ஒரே ஒரு பிளக்தான். குணாளன், ஒண்ணாம் நம்பர் பிளக்கை மட்டும் கழட்டிக் கொடுங்க."

குணாளன் மோட்டரின் தொப்பியைத் தூக்கி வைத்தான். இந்த மோட்டரில் பெயின்ட் புள்ளி எதுவும் கிடையாது. சாந்தினி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை எழுந்தது. நேராக மேல் பிளக்குக்குப் போனது.

மேலே. சரியான இடம்.

மார்கஸ் அவள் காதருகே, "நம்ம கேஸ் ஆத்தோட போச்சுக்கா," என்று முணுமுணுத்தான்.

சாந்தினிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தோட்டத்துக்காரன் என்றதும் அவன்தான் என்று முடிவுகட்டியது அவள்தானே? ராஜசேகரன் கிரகோரிக்குச் செய்ததற்கும் இதற்கும் எத்தனை தூரம்?

"எங்கடா கையை வைக்கிற?"

ராஜசேகரன் நிழலை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். எல்லாரும் சீக்கிரம் போய்த் தொலைய வேண்டும் என்ற அவதி முகத்தில் அப்பட்டமாக இருந்தது. "ஒண்ணாம் நம்பர்னு தெளிவாச் சொல்றாங்க, நீ மூணைக் கழட்டுற. கீழ உள்ளதடா ஒண்ணு. மூளையை உன் ஊரு லாயாங் லாயாங்கிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

சாந்தினியின் பார்வை குணாளன் கையை விட்டு ராஜசேகரன் மேல் திரும்பியது.

குணாளன் குழப்பத்தோடு முதலாளியை நிமிர்ந்து பார்த்தான். "தவுக்கே, போட்டுக்கு மேலதான் ஒண்ணு. லாரிக்குத்தான் நீங்க சொல்ற கணக்கு."

"ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதவர் இவரு," என்றான் மார்கஸ் ஆகாயத்தைப் பார்த்து. "நம்பர் மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு."

"ஐயோ, தவுக்கேக்கு எல்லாம் தெரியும்லா," என்றான் குணாளன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "முன்னாடி பாமாயில் லாரி வச்சிருந்தவரு. எஞ்சினை அவரே இறக்கி அவரே ஏத்துவாரு."

"குணாளன்," என்றாள் சாந்தினி, "கிரகோரி வேலையை முடிச்சுக் கொடுத்த வாரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊர்ல, லாயாங் லாயாங்ல. தவுக்கேதான் லீவு குடுத்தாரு. கேக்காமலே குடுத்தாரு. அப்ப இந்தப் போட்டு கிராங்க் போயி நின்னிருந்துச்சு. திரும்பி வந்து பாக்கிறேன், ஓடுது. ஆள் வச்சு செஞ்சேன்னாரு."

சாந்தினி ராஜசேகரனின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். அவள் குரல் இப்போது ஏறக்குறைய கிசுகிசுப்பாக இருந்தது.

"ரெண்டும் ஒரே மாடல் மோட்டர். இதைப் பிரிச்சா உள்ளே கிரகோரி வாங்கின புது கிராங்க் இருக்கும். பிரிக்கட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"யாரும் தொடக் கூடாது. இது என் சொத்து."

"குணாளன், பிரி," என்றார் இன்ஸ்பெக்டர்.

ராஜசேகரன் படகுக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்றார். வெள்ளைச் சட்டையின் கக்கம் நனைந்திருந்தது. "லீவுக் கூட்டம் சார். இந்தப் பெரிய போட்டு சும்மா நின்னா என் பேரு என்ன ஆகும்? ரூபேந்திரன் ஓட்டின சின்னப் போட்டுக்குப் பழசே தாங்கும்னு நெனச்சேன். நானும் எஞ்சின் பாத்தவன்தானே. அடையாளத்தைப் பாத்துத்தான் பூட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, சரியாத்தான் பூட்டினேன். வேணும்னு செய்யல. கைப்பிசகு. அவ்வளவுதான்."

"கைப்பிசகு," என்றார் கிரகோரி. அவர் ராஜசேகரனை நோக்கி ஒரு எட்டு வைத்தார். "உன் கைப்பிசகுக்கு என்னை உள்ள தள்ளப் பாத்தியா?"

இன்ஸ்பெக்டர் அவரைப் பிடித்து நிறுத்தினார். "அஜாக்கிரதைன்னு பதிவாகும். வேணும்னு செஞ்சாருன்னு நிரூபிக்கிறது கஷ்டம் மேடம். அவருக்கே தெரியலன்னு வக்கீல் சொல்லிடுவாரு."

ராஜசேகரனின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அதைப் பார்த்த சாந்தினிக்கு அவரை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது. அவள் திரும்பினாள். இத்தனை நேரம் யாரும் எதுவும் கேட்காத ஒருத்தி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஷர்மினி, அன்னைக்குப் புறப்படறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரு உங்ககிட்டப் பேசினாரா?"

"அவளை விடுங்க," என்றார் ராஜசேகரன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தங்கச்சி, நான்தான் சொன்னேன்ல, நீ போலீஸ்ல எதுவும் பேச வேணாம், அண்ணன் பாத்துக்கிறேன்னு."

ஷர்மினி அவரைப் பார்த்தாள்.

"போன் பண்ணினாரு," என்றாள். "மோட்டர் ஸ்டார்ட் ஆகறதுக்கே முக்குது, கையில சுத்தினாக்கூட இறுக்கமா இருக்கு, எனக்கு மனசே சரியில்லன்னு சொன்னாரு. தவுக்கேகிட்ட சொல்லுங்கன்னு நான் சொன்னேன். சொல்லிட்டேன்னாரு. 'புது கிராங்க் போட்டிருக்கு, கொஞ்ச நாளைக்கு இறுக்கமாத்தான் இருக்கும்னு கிரகோரியே சொல்லிட்டுப் போனாரு, தைரியமா எடுத்துக்கிட்டுப் போ'ன்னு தவுக்கே சொன்னாராம். கிரகோரி அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுத்தான் இவரு போனை வச்சாரு."

"நான் சொல்லல," என்றார் கிரகோரி. "இறுக்கம்னு ஒரு வார்த்தை என் காதுக்கு வந்திருந்தா, அந்தப் போட்டை ஆத்துல எறக்கவே விட்டிருக்க மாட்டேன்."

"புது கிராங்க் போட்டிருக்குன்னாரு," என்றாள் சாந்தினி இன்ஸ்பெக்டரிடம். "அதைச் சொன்னப்போ புது கிராங்க் இதோ, இந்தப் போட்டுல இருந்துச்சு. பழசைத் தன் கையால பூட்டினவருக்கு, அந்த இறுக்கம் ஏன்னு கேக்கணும்னு தோணல. ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்காரு. இதுவும் கைப்பிசகா சார்?"

இன்ஸ்பெக்டர் ராஜசேகரனின் மேல்கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, இங்க பாரு," என்று ராஜசேகரன் ஆரம்பித்தார்.

"அப்படிக் கூப்பிடாதீங்க." ஷர்மினியின் குரலில் அழுகையே இல்லை. "எரிக்கக் கொண்டுபோகும்போது முன்னால நின்னு தூக்கினீங்க. எந்தத் தோளு அது? எனக்கு அதை நெனச்சா உடம்பெல்லாம் எரியுது."

அவள் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். கிரகோரியின் பக்கம் அவள் திரும்பவில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"நான் வாக்குமூலம் குடுக்கணும் சார். இப்பவே, இங்கயே. நீங்க மலாய்ல எழுதுவீங்க, எனக்குத் தெரியும். எழுதி முடிச்சதும் தமிழ்ல எனக்கு வாசிச்சுக் காட்டணும். அவரு போன்ல சொன்னதுல ஒரு வார்த்தை கொறஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

மார்கஸ் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அவள் உட்காருவதற்காகத் துடைத்துப் போட்டான்.

ஷர்மினி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினாள்.